டெஃப் கூடுதலாகச் செலவாகியும் "எஸ்சிஆர் திறன் குறைவு" என்று பிழை வருவது ஏன்?

சங்ககிரி லாரி:
அனைவருக்கும் வணக்கம். என்னுடையது பிஎஸ் 6 பன்னிரண்டு சக்கர வண்டி. சங்ககிரியில் சிமென்ட் ஏற்றிக்கொண்டு சேலம், தொப்பூர், கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூரு போகிறது. திரும்பும்போது பெரும்பாலும் அரைச் சுமை, சில நேரம் வெறும் வண்டி. வாங்கிய காலத்தில் நூறு லிட்டர் டீசலுக்கு நாலரை லிட்டர் அளவில் டெஃப் (புகையைச் சுத்தம் செய்யப் பீய்ச்சும் யூரியா திரவம்) செலவானது. இப்போது அது ஏழு லிட்டருக்கு வந்துவிட்டது. டீசல் மைலேஜில் மாற்றம் எதுவும் இல்லை.

இத்தனை டெஃப் குடித்த பிறகும் ஸ்கேனரில் எஸ்பிஎன் 4364, அதாவது எஸ்சிஆர் (டெஃப் கொண்டு புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளை நீக்கும் அமைப்பு) மாற்றுத்திறன் குறைவு என்ற பிழைதான் வருகிறது. அதுவும் சுமையோடு தொப்பூர் ஏற்றத்தில் போகும்போதுதான் விளக்கு எரிகிறது, சமவெளியில் எரிவதில்லை. மூன்று இடங்களில் காட்டிவிட்டேன். திறன் குறைந்திருப்பதால் இன்னும் கூடுதலாகப் பீய்ச்ச வேண்டும், மென்பொருளில் அளவைக் கூட்டித் தருகிறேன் என்கிறார் ஒருவர். மற்றவர்கள் வினையூக்கி போய்விட்டது, மாற்றியாக வேண்டும் என்கிறார்கள்; அதன் விலையைக் கேட்டால் ஒரு மாத வருமானம் போய்விடும் போலிருக்கிறது.

எந்த முடிவுக்கும் வருமுன் எனக்கு ஒன்று புரிய வேண்டும். எவ்வளவு டெஃப் பீய்ச்ச வேண்டும் என்பதை வண்டி எதை வைத்துத் தீர்மானிக்கிறது?

காலிபரேஷன் ஆசாமி:
வணக்கம் ஐயா. டோசிங், அதாவது டெஃப் பீய்ச்சும் அளவு, அதைக் கட்டுப்படுத்தும் மென்பொருளை அளவமைக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில், உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். பாதி விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

முதலில் அடிப்படைக் கணக்கு. டெஃப்பில் எடையளவில் 32.5 சதவீதம் யூரியா. மீதி தூய நீர். சூடான புகையில் ஒரு யூரியா மூலக்கூறு சிதைந்து இரண்டு அம்மோனியா மூலக்கூறுகளைத் தருகிறது. ஓர் அம்மோனியா, ஒரு நைட்ரஜன் ஆக்சைடு (சுருக்கமாக நாக்ஸ்) மூலக்கூறைத் தீர்த்து நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. எடைக்கு மாற்றிப் பார்த்தால் ஒரு கிராம் நாக்ஸுக்கு ஏறத்தாழ இரண்டு கிராம் டெஃப் வேண்டும். உங்கள் வண்டி 150 கிலோவாட் திறனில் இழுக்கிறது, இன்ஜின் ஒரு கிலோவாட் மணிக்கு 6 கிராம் நாக்ஸ் வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 900 கிராம் நாக்ஸ், அதற்கு 1.8 கிலோ டெஃப், அதாவது சுமார் 1.65 லிட்டர். அதே நேரத்தில் டீசல் 36 லிட்டர் அளவில் எரிந்திருக்கும். விகிதம் நாலரை சதவீதத்துக்குச் சற்று மேல். ஆகவே நீங்கள் முதலில் கண்ட செலவு சரியானதுதான். ஏழு என்பதற்குத்தான் காரணம் தேட வேண்டும்.

இந்தக் கணக்கைக் கணினி ஒவ்வொரு கணமும் போடுகிறது. வினையூக்கிக்கு முன்னால் உள்ள நாக்ஸ் சென்சார் காட்டும் அளவையும் புகையின் ஓட்டத்தையும் பெருக்கி, தேவையான டெஃப்பைக் கணித்து, டோசர் ஊசியின் வால்வை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்று முடிவு செய்கிறது. பம்ப் அழுத்தம் மாறாமல் இருக்கும். திறந்திருக்கும் நேரம்தான் அளவு.

ஆனால் இது எளிய பகுதி. பீய்ச்சிய அம்மோனியா அந்தக் கணமே வேலையை முடித்துவிடுவதில்லை. வினையூக்கியின் பரப்பில் ஒட்டிக்கொண்டு, வருகிற நாக்ஸுக்காகக் காத்திருக்கிறது. செம்பு சேர்ந்த ஜியோலைட் வினையூக்கி 200, 250 டிகிரி வெப்பத்தில் ஏராளமான அம்மோனியாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 400 டிகிரிக்கு மேல் போனால் அதில் சிறு பங்கைத்தான் பிடித்து வைக்க முடியும். மிச்சத்தை உதறிவிடும். எனவே கட்டுப்பாட்டின் உண்மையான இலக்கு, இந்த வெப்பநிலையில் வினையூக்கிக்குள் எவ்வளவு அம்மோனியா இருக்க வேண்டுமோ அவ்வளவை இருத்தி வைப்பது. குறைந்தால் நாக்ஸ் தப்பிப் போகும். கூடினால் அம்மோனியா தப்பிப் போகும். அந்த இருப்பை நேராக அளக்க வண்டியில் எந்தக் கருவியும் கிடையாது. மூடிய குதிருக்குள் நெல் எவ்வளவு இருக்கிறது என்பதைப் போட்ட கணக்கையும் எடுத்த கணக்கையும் வைத்தே சொல்வது போல, கணினியும் வரவு செலவை மட்டும் வைத்து இருப்பை ஊகிக்கிறது.

இப்போது உங்கள் தொப்பூருக்கு வாருங்கள். சேலம் வரை சமதளத்தில் வந்த வண்டி மிதமான வெப்பத்தில் அம்மோனியாவைச் சேர்த்து வைத்திருக்கிறது. சுமையோடு ஏற்றத்தில் ஏறத் தொடங்கியதும் புகை வெப்பம் சட்டென்று உயர்கிறது, பிடிப்புத்திறன் விழுகிறது. நல்ல மென்பொருள் வெப்பம் ஏறத் தொடங்கும்போதே டோசிங்கைக் குறைத்து இருப்பைச் செலவழிக்கும். அதன் கணக்கில் பிழை இருந்து, உள்ளே இருப்பது அது நினைப்பதைவிட மிக அதிகமாக இருந்தால், அந்த மிச்சம் முழுவதும் புகைக்குழாய் வழியாக வெளியேறும். உங்கள் பிழை ஏற்றத்தில் மட்டும் வருவது எனக்கு அந்தத் திசையைத்தான் காட்டுகிறது.

புறவழிப் பட்டறை:
சார் சொல்வதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சங்ககிரி அண்ணன், கணக்குக்குப் போகும் முன் தொட்டியில் இருப்பது டெஃப்தானா என்று பாருங்கள். எங்கள் பட்டறைக்கு இந்தப் பிழையோடு வரும் வண்டிகளில் கணிசமானவற்றில் திரவமே கோளாறு. வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து, கேனில் அடைத்து, லேபிள் ஒட்டி விற்கிறார்கள். நம் நாட்டில் 2015 முதல் மானிய யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அந்த எண்ணெய்ப் பசை வடிகட்டியிலும் ஊசியிலும் படிவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். உர யூரியாவில் பையூரெட் என்ற கலப்புப் பொருள் 1.5 சதவீதம் வரை அனுமதி. டெஃப்புக்கான ஐஎஸ்ஓ 22241 தரத்தில் 0.3 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த வேறுபாடு அப்படியே சைலன்சருக்குள் கல்லாகப் படியும்.

ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், 32.5 காட்ட வேண்டும். அது செறிவை மட்டும்தான் சொல்லும், அழுக்கைச் சொல்லாது. எனவே ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கலங்கலாகவோ மேலே எண்ணெய்ப் படலத்தோடோ இருந்தால் மேற்கொண்டு எதையும் சோதிக்க வேண்டியதில்லை.

அடுத்து டோசர் ஊசியைக் கழற்றி, அதற்குக் கீழே உள்ள கலப்பானை டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ கட்டி இருந்தால் எழுதுங்கள்.

சங்ககிரி லாரி:
இருவருக்கும் நன்றி. பெட்ரோல் பங்க்கில்தான் எப்போதும் நிரப்புகிறேன். ரிஃப்ராக்டோமீட்டர் 32.5 காட்டியது, திரவம் தெளிவாக இருந்தது. ஊசியைக் கழற்றியபோது கலப்பானின் தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைக் கட்டி ஒட்டியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தியபோது சுண்ணாம்புக் காரை போலப் பெயர்ந்து வந்தது.

காலிபரேஷன் ஐயாவிடம் ஒன்று கேட்கிறேன். அம்மோனியா மிச்சமாகி வெளியேறுகிறது என்கிறீர்கள். ஆனால் வண்டி சொல்வது நாக்ஸ் குறையவில்லை என்றுதானே? பின்பக்கச் சென்சாரே நாக்ஸ் அதிகம் என்று காட்டும்போது மிச்சம் எங்கிருந்து வரும்?

காலிபரேஷன் ஆசாமி:
இந்தத் துறைக்குள் புதிதாக வருகிற பொறியாளர்களையும் தடுமாற வைக்கிற இடம் இதுதான்.

நாக்ஸ் சென்சாரின் உள்ளே ஜிர்கோனியா பீங்கானால் ஆன இரண்டு சிறு அறைகள் இருக்கின்றன. பீங்கான் 800 டிகிரி அளவுக்குச் சூடேற்றப்படுகிறது. முதல் அறையில் புகையில் உள்ள ஆக்சிஜனை இழுத்து வெளியேற்றிவிடுகிறார்கள். இரண்டாவது அறையில் நைட்ரிக் ஆக்சைடைப் பிளந்து, அதிலிருந்து வரும் ஆக்சிஜனை அளக்கிறார்கள். அந்த மின்னோட்டம்தான் நாக்ஸ் அளவு. அம்மோனியா உள்ளே நுழைந்தால் அந்தச் சூட்டில் முதல் அறையிலேயே எரிந்து நைட்ரிக் ஆக்சைடாக மாறிவிடுகிறது. சென்சாருக்கு இரண்டும் ஒன்றுதான். பின்பக்கச் சென்சார் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) என்று காட்டினால், அது தப்பிய நாக்ஸாக இருக்கலாம், தப்பிய அம்மோனியாவாக இருக்கலாம், இரண்டும் கலந்தும் இருக்கலாம்.

டோசிங் அளவைக் கிடையாகவும் சென்சார் காட்டும் அளவைச் செங்குத்தாகவும் வைத்து ஒரு கோடு வரைந்தால், முதலில் கீழே இறங்கி, ஒரு புள்ளியில் அடிமட்டம் தொட்டு, பிறகு மேலே ஏறும். இறங்கும் பக்கத்தில் நின்றால் டெஃப்பைக் கூட்டுவது சரியான மருந்து. ஏறும் பக்கத்தில் நின்றால் அதே மருந்து நோயை வளர்க்கும். நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைச் சென்சாரின் ஒற்றை எண் சொல்லாது. உங்களுக்கு அளவைக் கூட்டித் தருவதாகச் சொன்னவர், இறங்கும் பக்கம் ஒன்றுதான் இருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

கணினிக்கும் இதே ஆபத்து உண்டு. பின்பக்கச் சென்சாரின் அளவை வைத்து டோசிங்கை மெல்லத் திருத்தும் ஒரு தகவமைப்புக் காரணி மென்பொருளில் இருக்கிறது. வினையூக்கி பழையதானாலும் ஊசி சற்றுத் தேய்ந்தாலும் ஈடுகட்டுவதற்காக வைத்தது. பக்கம் தவறிப் புரிந்துகொள்ளப்பட்டால் அது டெஃப்பைக் கூட்டும், அம்மோனியா இன்னும் தப்பும், சென்சார் இன்னும் உயரும், அது இன்னும் கூட்டும். அதனால்தான் அந்தக் காரணி ஒரு வரம்பைத் தாண்டிப் போகாதபடி கட்டி வைப்போம்.

பக்கத்தைக் கண்டுபிடிக்க ஒரே நேர்மையான வழி, வேண்டுமென்றே டோசிங்கைச் சிறிது மாற்றிப் பார்ப்பது. வண்டி சீராக ஓடும்போது அளவை முப்பது சதவீதம் குறைக்க வேண்டும். பின்பக்க அளவு உயர்ந்தால் அது நாக்ஸ். குறைந்தால் அது அம்மோனியா. பல மென்பொருள்களில் இந்தச் சோதனை தானாகவே நடக்கும். ஆனால் சீரான ஓட்டம் சில நிமிடங்களாவது கிடைத்தால்தான் அது முடிவுக்கு வரும். நம் சாலைகளில் அந்தச் சில நிமிடங்கள் எளிதில் கிடைப்பதில்லை என்பதை வடிவமைப்பவர்கள் போதுமான அளவு யோசிப்பதில்லை என்பது என் சொந்தக் கருத்து.

வினையூக்கி மாணவி:
இந்தத் தலைப்பில் ஆய்வு செய்து வருகிறேன் என்பதால் இரண்டு ஐயங்களை எழுப்புகிறேன். அம்மோனியாவை மட்டும் அளக்கும் சென்சார் உண்டே. அதைப் பின்னால் வைத்தால் இந்தக் குழப்பமே இல்லையே? இரண்டாவதாக, வினையூக்கியைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒட்டுதல், விடுபடுதல், வினை, ஆக்சிஜனேற்றம் ஆகிய நான்கையும் சமன்பாடுகளாக எழுதி, சென்சார் அளவோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே வரும் மதிப்பீட்டுக் கருவி ஒன்றை அமைத்தால், இருப்பை ஊகிக்கும் துல்லியம் கூடும் என்று ஆய்வுக்கட்டுரைகள் காட்டுகின்றன. ஆலைகள் இன்னும் அட்டவணைகளையே நம்புவது ஏன்?

முன்னால் உள்ள ஆக்சிஜனேற்ற வினையூக்கி நைட்ரிக் ஆக்சைடில் ஒரு பகுதியை நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றுகிறது. இரண்டும் சமமாக இருக்கும்போது வினை மிக வேகமாக நடக்கிறது. டை ஆக்சைடு பாதியைத் தாண்டினால் வேகம் குறைவதோடு அம்மோனியாவும் கூடுதலாகச் செலவாகிறது. இந்த விகிதத்தை எந்தச் சென்சாரும் பிரித்துச் சொல்வதில்லை. எனவே இப்படிப்பட்ட கணித மாதிரி இல்லாமல் தீர்வு இல்லை என்பது என் நிலைப்பாடு.

காலிபரேஷன் ஆசாமி:
அம்மோனியா சென்சார் இருக்கிறது, சில வண்டிகளில் வந்தும் இருக்கிறது. அது கூடுதல் விலை, கூடுதல் இணைப்பு, கெட்டுப்போகக்கூடிய இன்னொரு பொருள். அதை வைத்தாலும் முன்பக்க நாக்ஸ் சென்சார் பொய் சொன்னால் காப்பாற்ற முடியாது.

மாதிரி பற்றி நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. தயாரிப்பில் உள்ள பல மென்பொருள்கள் இன்று நீங்கள் சொன்ன வடிவத்தின் எளிய வகைகளைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் ஆய்வுக்கூடத்தில் வினையூக்கி புதியது, புகையின் கலவை தெரிந்தது, டெஃப் தூயது. இந்த இழையில் பாருங்கள்: கலப்பானில் உள்ளங்கை அகலத்துக்குக் கட்டி இருக்கிறது. அந்தக் கட்டியில் சயனூரிக் அமிலமும் அதன் உறவுப் பொருட்களும் இருக்கும். ஏற்றத்தில் சூடேறும்போது அது சிதைந்து, ஊசி மூடியிருக்கும் நேரத்திலும் அம்மோனியாவைத் தந்துகொண்டே இருக்கும். எந்த மாதிரியின் வரவுக் கணக்கிலும் அது பதிவாவதில்லை. மாதிரி எவ்வளவு நுட்பமானதோ அவ்வளவுக்கு அதன் உள்ளீடுகள் உண்மையாக இருக்க வேண்டும் என்பதே என் கவலை.

பன்னிரண்டு சக்கரம்:
இவ்வளவு தலைவலி எதற்கு? எல்லாம் சரியாக இருப்பதாகக் கணினியை ஏமாற்றும் எமுலேட்டரைப் போட்டுவிட்டால் டெஃப்பும் வேண்டாம், பிழையும் வராது, பிழை நீடித்தால் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சுருங்குகிற தொல்லையும் இருக்காது. புகைச் சான்றிதழிலும் பிடிபடாது. பெரிய கம்பெனிகளே செய்த வேலைதானே இது.

காலிபரேஷன் ஆசாமி:
புகைச் சான்றிதழில் பிடிபடாது என்பது உண்மைதான். நம் சோதனை டீசல் வண்டியில் புகையின் கருமையை மட்டுமே அளக்கிறது, நாக்ஸ் கண்ணுக்குத் தெரியாத வாயு. அதனால் அது சட்டப்படி சரியாகிவிடாது. எமுலேட்டர் பொருத்திய வண்டி, பிஎஸ் 6 சான்று பெற்ற வண்டியாக இருப்பதில்லை. கனரக இன்ஜினுக்கு இன்றைய வரம்பு, மாறும் ஓட்டச் சுழற்சியில் ஒரு கிலோவாட் மணிக்கு 0.46 கிராம் நாக்ஸ். நான் மேலே சொன்ன 6 கிராம் அப்படியே வெளியே போனால் ஒரு லாரி பதின்மூன்று லாரிகளின் நாக்ஸை விடுகிறது என்று பொருள்.

கம்பெனிகள் செய்தார்கள் என்பதும் உண்மை, அது டோசிங் கட்டுப்பாட்டோடு நேரடித் தொடர்புள்ளது என்பதால் எழுதுகிறேன். 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஃபோக்ஸ்வாகன் மீது குற்றம் சாட்டியபோது வெளிவந்த வண்டிகளில் எஸ்சிஆர் பொருத்திய பஸாட் காரும் ஒன்று. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் சாலையில் ஓட்டி அளந்தபோது வந்த எண்களிலிருந்துதான் ஐயம் தொடங்கியது. சோதனை மேடை என்று கண்டுகொண்டால் முழு அளவும், சாலையில் குறைந்த அளவும் பீய்ச்சும்படி மென்பொருள் எழுதப்பட்டிருந்தது. 2021 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்கும் பிஎம்டபிள்யூவுக்கும் சேர்த்து 87.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஆட்புளூ (டெஃப்புக்கு ஐரோப்பாவில் வழங்கும் பெயர்) தொட்டி எவ்வளவு பெரியது, ஒரு முறை நிரப்பினால் எவ்வளவு தூரம் வர வேண்டும் என்பதில் அவர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள் என்பது குற்றம். அதே கூட்டில் இருந்த டைம்லர் தகவலை வெளியிட்டதால் அபராதத்திலிருந்து தப்பியது. பின்னர் இன்ஜின் நிறுவனமான கமின்ஸ், ராம் பிக்கப் இன்ஜின்கள் தொடர்பாக 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது.

இதில் எங்கள் வேலைக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. டோசிங்கைக் குறைப்பதற்கு நியாயமான காரணங்கள் நிறையவே உண்டு. 180, 200 டிகிரிக்குக் கீழே பீய்ச்சினால் திரவம் ஆவியாகாமல் கட்டியாகும். துகள் வடிகட்டியைச் சுத்திகரிக்கச் சூடேற்றும் முன் இருப்பைக் குறைக்காவிட்டால் அம்மோனியா மொத்தமாகத் தப்பும். மோசடி செய்தவர்கள் எழுதிய நிபந்தனைகளும் வெளித்தோற்றத்தில் இவற்றைப் போலவே இருந்தன. அதனால் இன்று ஒவ்வொரு குறைப்புக்கும் காரணத்தை எழுத்தில் தர வேண்டியிருக்கிறது, அது வேண்டியதுதான்.

ரொறன்ரோ ஓட்டுநர்:
வணக்கம். நான் கனடாவில் பாரவூர்தி ஓட்டுகிறேன். இங்கே குளிர்காலத்தில் வேறொரு சிக்கல். இந்தத் திரவம் மறை 11 பாகையில் (மைனஸ் 11 டிகிரி) உறைந்துவிடும். 32.5 சதவீதம் என்ற செறிவைத் தேர்ந்ததற்கே அதுதான் காரணம். யூரியா நீர்க் கரைசல்களில் மிகக் குறைந்த வெப்பத்தில் உறைவது இந்தச் செறிவுதான், உறைந்து உருகினாலும் யூரியாவும் நீரும் பிரியாது. உறையும்போது பருமன் கூடுவதால் குழாயும் பம்பும் வெடிக்காதிருக்க, சாவியை அணைத்த பின் பம்ப் எதிர்த்திசையில் ஓடி, குழாயில் மிஞ்சியதைத் தொட்டிக்குள் திரும்ப இழுத்துக்கொள்கிறது.

அந்த வேலை முடியுமுன் பற்றரியின் முதன்மை ஆளியை அணைத்துவிட்டால் திரவம் ஊசியிலேயே நின்றுவிடும். இங்கே உறையும், உங்கள் ஊரில் காய்ந்து உப்பாகும். உங்கள் ஓட்டுநர் இரவில் நிறுத்தியதும் எதை அணைக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

சங்ககிரி லாரி:
கேட்டேன். சாவியை அணைத்த கையோடு பேட்டரி ஐசொலேட்டரையும் திருப்பிவிடுகிறார். டீசல் திருட்டுக்குப் பயந்து நான்தான் அப்படிச் சொல்லி வைத்திருந்தேன். இனி சில நிமிடங்கள் விட்டுத்தான் அணைப்பார். ரொறன்ரோ நண்பருக்கு நன்றி.

புறவழிப் பட்டறை:
அப்படியானால் கட்டி வந்த வழி தெரிந்துவிட்டது. ஆனால் ஏழு லிட்டர் செலவுக்கு அது மட்டும் காரணமாகாது. அண்ணன், வண்டியை இங்கே கொண்டுவாருங்கள். நான் செய்யப்போகும் வரிசையை எழுதிவிடுகிறேன், சார் தவறிருந்தால் திருத்தட்டும்.

முதலில் கலப்பானைச் சுத்தம் செய்வேன். கட்டி இருக்கும்வரை மற்ற சோதனை எதையும் நம்ப முடியாது. பிறகு ஊசியைக் கழற்றி அளவுக் குவளைக்குள் வைத்து ஸ்கேனரில் அளவுச் சோதனையை ஓட்டுவேன். கணினி பீய்ச்சச் சொன்ன அளவும் குவளையில் விழுந்த அளவும் ஒத்துப்போக வேண்டும். குவளையில் கூடுதலாக விழுந்தால் ஊசி ஒழுகுகிறது. ஒத்துப்போனால் ஊசி நல்லது, கணினியே கூடுதலாகக் கேட்கிறது என்று அர்த்தம். அப்படிக் கேட்டால் ஏன் கேட்கிறது என்பதைச் சார்தான் சொல்ல வேண்டும்.

காலிபரேஷன் ஆசாமி:
வரிசை சரி. கணினியே கூடுதலாகக் கேட்டால் இரண்டு சந்தேகங்கள். இஜிஆர் (புகையில் ஒரு பங்கை மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பி நாக்ஸைக் குறைக்கும் அமைப்பு) அடைத்துக்கொண்டு இன்ஜின் உண்மையிலேயே கூடுதல் நாக்ஸ் விடலாம். அல்லது முன்பக்கச் சென்சார் இல்லாத நாக்ஸை இருப்பதாகக் காட்டலாம். இரண்டையும் பிரிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. சுமையோடு ஏற்றத்தில் வண்டி நன்றாகச் சூடேறியதும் ஸ்கேனர் மூலம் டோசிங்கை முழுவதும் நிறுத்துங்கள். உள்ளே உள்ள அம்மோனியா தீரும்வரை காத்திருங்கள். அதன் பிறகு வினையூக்கி வெறும் குழாய்தான். முன்னால் போகும் நாக்ஸ் பின்னால் அப்படியே வர வேண்டும். இரண்டு சென்சார்களும் ஒரே எண்ணைக் காட்டினால், அந்த எண் பெரிதாக இருந்தாலும், சென்சார்கள் நல்லவை, இஜிஆரைப் பாருங்கள். முன்பக்கம் மட்டும் உயர்ந்து நின்றால் சென்சார் விலகிவிட்டது.

இன்னொன்று: டோசிங்கை நிறுத்திய உடனே பின்பக்க எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

புறவழிப் பட்டறை:
சோதனை முடிந்தது. குவளையில் விழுந்த அளவு, கேட்ட அளவோடு ஒத்துப்போகிறது, ஊசி நல்லது. தகவமைப்புக் காரணி கூட்டல் பக்கம் 20 சதவீதத்தில், அதாவது அதன் மேல் வரம்பில் நிற்கிறது.

சுமையோடு தொப்பூரில் ஏறும்போது டோசிங்கை நிறுத்தினோம். நிறுத்தியதும் பின்பக்க எண் உயரும் என்றுதான் அண்ணன் எதிர்பார்த்தார். அது இறங்கியது. சற்று நேரம் அடியில் நின்றுவிட்டு, பிறகு ஏறத் தொடங்கி, 610 பிபிஎம் அருகில் நிலைத்தது. அதே நேரத்தில் முன்பக்கச் சென்சார் 790 காட்டிக்கொண்டிருந்தது.

காலிபரேஷன் ஆசாமி:
கதை முழுவதும் இந்த மூன்று எண்களில் இருக்கிறது. நிறுத்தியதும் எண் இறங்கியது என்றால் அதுவரை பின்பக்கச் சென்சார் கண்டதில் பெரும்பகுதி அம்மோனியா. பிறகு ஏறியது, இருப்பு தீர்ந்து நாக்ஸ் தப்பத் தொடங்கியதால். வினையூக்கி இவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தது அது உயிரோடு இருப்பதற்குச் சான்று, மாற்ற வேண்டியதில்லை.

முன்பக்கச் சென்சார் உண்மையைவிட முப்பது சதவீதம் கூடுதலாகக் காட்டுகிறது. கணினி அதை நம்பி முப்பது சதவீதம் கூடுதலாகப் பீய்ச்சியது. அம்மோனியா தப்பியது. கடைசியில் உள்ள அம்மோனியா தடுப்பு வினையூக்கி அதில் ஒரு பங்கை எரித்தாலும், ஏற்ற வெப்பத்தில் எரியும் அம்மோனியாவில் ஒரு பகுதி நாக்ஸாகவே மாறிவிடும். சென்சாருக்கு எப்படியும் எண் உயரும். அதைக் கண்ட தகவமைப்புக் காரணி மேலும் இருபது சதவீதம் ஏற்றியது. 1.3 ஐ 1.2 ஆல் பெருக்கினால் 1.56, உங்கள் நாலரை லிட்டரை அதனால் பெருக்கினால் ஏழு. கணக்கில் இடைவெளியே இல்லை.

முன்பக்கச் சென்சாரை மாற்றுங்கள். மாற்றியதும் தகவமைப்புக் காரணியைச் சுழியத்துக்குக் கொண்டுவர மறக்காதீர்கள்; இல்லையென்றால் புதிய சென்சாரோடும் இருபது சதவீதம் கூடுதலாகவே பீய்ச்சிக்கொண்டிருக்கும், அடுத்த ஏற்றத்தில் அதே விளக்கு எரியும்.

வினையூக்கி மாணவி:
ஒரு சென்சாரின் விலகலை இன்னொரு சென்சாரை வைத்துக் கண்டறியும் இந்தச் சோதனையை வண்டியே தானாகச் செய்திருக்கலாமே? எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு இறக்கத்தில் போகும்போது எரிபொருள் நின்றுவிடுகிறது; அப்போது நாக்ஸ் சுழியமாக இருக்க வேண்டும் என்பதும் தெரிந்த உண்மைதானே?

காலிபரேஷன் ஆசாமி:
இறக்கத்தில் சுழியத்தைச் சரிபார்க்கும் முறை பல வண்டிகளில் உண்டு. ஆனால் இங்கே சுழியம் நகரவில்லை, சரிவு நகர்ந்திருக்கிறது. 0 இருக்குமிடத்தில் 0 காட்டி, 610 இருக்குமிடத்தில் 790 காட்டும் சென்சார் அந்தச் சோதனையில் தேறிவிடும். நாங்கள் செய்ததுபோல டோசிங்கை நிறுத்தி ஒப்பிட வேண்டுமானால் அந்த நிமிடங்களில் நாக்ஸ் முழுவதும் வெளியே போகும். அதை அடிக்கடி செய்ய விதிகள் இடம் தராது. இன்ஜினின் சுமையையும் வேகத்தையும் வைத்து நாக்ஸ் எவ்வளவு வர வேண்டும் என்று கணிக்கும் மாதிரியோடு ஒப்பிடுவது இன்னொரு வழி. அது முப்பது சதவீத விலகலை ஐயத்துக்கு இடமின்றிப் பிடிக்கும் அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும். இந்த இடத்தில் உங்கள் ஆய்வுக்கு வேலை இருக்கிறது.

சங்ககிரி லாரி:
சென்சார் மாற்றி, காரணியையும் சுழியமாக்கி வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் முறை தொப்பூர் ஏறியபோது பின்பக்க எண் சற்று உயர்ந்து அடங்கியது, பிழை வரவில்லை. டெஃப் செலவு நூறு லிட்டர் டீசலுக்கு ஐந்துக்குக் கீழே வந்துவிட்டது. வினையூக்கிக்காக ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் டயர் வாங்கிவிட்டேன். புதிய சென்சாரும் இதேபோல விலகாமலிருக்க நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

புறவழிப் பட்டறை:
முதல் ஏற்றத்தில் எண் உயர்ந்தது பழைய இருப்பு வெளியேறியதால்தான் அண்ணன், அது இனி இருக்காது. சென்சாரைப் பொறுத்தவரை, குழாயின் மேல் பாதியில் முனை கீழ்நோக்கிச் சாய்ந்தபடி இருக்க வேண்டும். வெல்டிங் வேலைக்குக் கழற்றிய யாராவது வேறு கோணத்தில் திருப்பிப் பொருத்திவிட்டால் காலையில் குழாயில் தேங்கிய நீர் சூடான பீங்கானில் பட்டு விரிசல் விடும். அதோடு, வண்டியைக் கழுவும்போது சென்சாரின் இணைப்புப் பெட்டிமேல் அழுத்த நீரைப் பாய்ச்ச வேண்டாம் என்று வாட்டர் சர்வீஸ் பையனிடம் சொல்லிவிடுங்கள்.

காலிபரேஷன் ஆசாமி:
டர்போ சீல் வழியாக இன்ஜின் ஆயில் புகையில் கலந்தாலும் முன்பக்கச் சென்சார் சீக்கிரம் கெடும். அடுத்த முறை ஆயில் மாற்றும்போது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள். வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தால் பழைய சென்சார் ஏன் விலகியது என்பதற்கும் விடை அங்கேயே இருக்கலாம்.